குளத்துத் திடலில் ஆறு ஞாயிறு

தை 2, வெள்ளி

உரக்கடையில் இனாமாகக் கொடுத்த டைரி. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் யூரியா விளம்பரம். பரவாயில்லை, கீழே எழுத இடம் இருக்கிறது.

காலையில் பாத்திரக்கடை தனபாலன் வந்தார். ஊர் இசை மன்றத்துக்கு அவர்தான் செயலாளர். இனி ஆறு ஞாயிறு சாயங்காலம் குளத்துத் திடலில் இலவசக் கச்சேரி வைக்கிறார்களாம். நம்ம பக்கத்து வாத்தியம், நம்ம பக்கத்துப் பாட்டு. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், டிக்கெட் கிடையாது, சுண்டல் உண்டு. ஒவ்வொரு வாரமும் தொடக்கத்தில் உப்பிலியின் நாகஸ்வரமும் என் தவிலும் அரை மணி நேரம். கடைசி ஞாயிறு முழுக் கச்சேரியும் எங்களுடையது. இவ்வளவும் அவர் நீட்டிய நோட்டீஸில் அச்சாகியிருந்தது. வாயால் என்ன சொன்னார் என்பது ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே பேசுகிற மனுஷர். நான் தலையாட்டி வைத்தேன். சந்தோஷமாகப் போனார்.

இந்த வருஷம் கொசு அதிகம். படுத்தால் காதுக்குள் ரீங்காரம் ஓய்வதே இல்லை. கொசுவே இல்லை என்கிறாள் என் வீட்டுக்காரி தையல்நாயகி. அவளுக்கு எதிலும் என்னோடு ஒத்துப்போகக் கூடாது.

தை 4, ஞாயிறு

திடல் நிறைந்துவிட்டது. நாற்காலி போதாமல் குளத்துப் படிக்கட்டிலும் உட்கார்ந்திருந்தார்கள். பந்தலில் என் படம் போட்ட பெரிய ஃப்ளெக்ஸ், பக்கத்தில் உப்பிலி. என் மீசை அவன் மீசையைவிட நன்றாக வந்திருக்கிறது.

மல்லாரி வாசித்து இறங்கலாம் என்று பார்த்தால், தனபாலன் மைக்கைக் கொண்டுவந்து என் கையில் திணிக்கிறார். கூட்டம் என் வாயைப் பார்க்கிறது. நான் முழிக்கிறேன். உப்பிலி என் காதோரம் வாய் வைத்துக் கத்தினான்.

"தவிலப் பத்தி நாலு வார்த்த பேசறேன்னு ஒத்துக்கிட்டியாமுல்ல!"

நான் எப்போது ஒத்துக்கொண்டேன்? என்னத்தையோ உளறிக் கும்பிட்டுவிட்டு இறங்கினேன். கை தட்டினார்கள். சுண்டல் சாப்பிட்ட கை, தட்டாமல் என்ன செய்யும்.

மைக் செட்டுக்காரன் சரியில்லை. எங்கள் பக்கம் வைத்த பெட்டியில் சத்தமே வரவில்லை. இன்னொன்று, உப்பிலி ஜனங்களைப் பார்த்து உட்காராமல் என் பக்கம் திரும்பி உட்கார்ந்து வாசிக்கிறான். கழுத்துச் சுளுக்கு போலிருக்கிறது. வயதாகிறதே.

தை 6, செவ்வாய்

புது விரல்கூடு செய்தேன். பழைய வேட்டியைக் கிழித்துப் பசை தடவி விரல்களில் சுற்றிக் காயவைக்கிற வேலை. பசை காய்ச்சிக் கொடுத்தது தையல். இந்தக் கூடு இல்லாமல் வலது கை வாசித்தால் விரல் நுனி பிய்ந்துவிடும். அவளுக்குப் பசை பதம் தெரிகிற மாதிரி எனக்கே தெரியாது. அவளிடம் சொன்னதில்லை, சொன்னால் தலைகால் புரியாது.

அவள் கொல்லைக்குப் போனபோது குக்கரைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தேன். விசில் அடிக்கவே இல்லை, பருப்பு அடிப்பிடித்துப் புகைந்துவிட்டது. விசில் கெட்டுப்போயிருக்கிறது, மாற்ற வேண்டும். தையல் குக்கரையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். திட்டவில்லை. அதுதான் எனக்கு என்னவோ போலிருந்தது.

தை 9, வெள்ளி

காலையில் மாயவரத்துப் பக்கம் ஒரு கல்யாணம். முகூர்த்தம் சுத்தமாக நடந்தது.

நாற்பது வருஷத் தொழிலில் நான் ஒரு தாலியைக்கூடத் தவறவிட்டதில்லை. இதை நானே சொல்லிக்கொள்ளலாம், தப்பில்லை. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுப்பார், சாஸ்திரிகள் எங்கள் பக்கம் திரும்பி ஆள்காட்டி விரலைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டுவார். அவ்வளவுதான். என்ன ராகம் போய்க்கொண்டிருந்தாலும் அதை அப்படியே விட்டுவிட்டு கெட்டிமேளம் கொட்ட வேண்டும். அந்த நேரத்தில் தும்மல், அழுகை, ஒரு கெட்ட சொல் எதுவும் மணமக்கள் காதில் விழக் கூடாது. அதற்குத்தான் அந்த இரைச்சல். அந்த விரலைக் கண்டால் என் கை என்னைக் கேட்பதில்லை, தானே இறங்கிவிடும். தூக்கத்தில் எவனாவது விரலை ஆட்டினாலும் தலையணையில் கொட்டுவேன் என்று தையல் கேலி செய்வாள்.

திரும்பும்போது பஸ்ஸில் உப்பிலி ஏதோ சொல்லிக்கொண்டே வந்தான். பஸ் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்.

தை 11, ஞாயிறு

இரண்டாவது கச்சேரி. எங்களுக்குப் பிறகு காவடிச்சிந்து பாடினார்கள்.

உப்பிலியை நினைத்தால் கவலையாக இருக்கிறது. தோடியை அவன் ஊதினால் குளத்துத் தண்ணீர் அசையாமல் நிற்கும் என்பார்கள். இன்று பத்து நிமிஷத்தில் மூடிவிட்டான். அவனுக்கென்றே இருக்கிற பொடிச் சங்கதிகள் ஒன்றும் வரவில்லை. எல்லாம் நேர்க்கோடு, நிறுத்தி நிறுத்தி. ஒவ்வொரு திருப்பத்துக்கும் முன்னால் புருவத்தைத் தூக்கிக் காட்டுகிறான், சின்னப் பிள்ளைக்குப் பாதை காட்டுகிற மாதிரி. உப்பிலிக்கு மூச்சு போய்விட்டது என்று மன்றத்தில் இரண்டு பேர் பேசிக்கொண்டார்களாம். தையல் கிட்டே வந்து சத்தமாகச் சொன்னாள். சொல்லிவிட்டு, "அது அவரு மூச்சு இல்லீங்க" என்றாள். பின்னே யார் மூச்சு? இவளுக்குச் சங்கீதம் என்ன தெரியும்.

தை 14, புதன்

இன்று ஒரு கூத்து. காலையில் கொல்லையிலிருந்து வருகிறேன், தையல் விசேஷத்துக்குக் கட்டுகிற பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு, கையில் பையோடு கூடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். தலை வாரி, பூ வைத்து.

"எங்க கெளம்பிட்ட?"

அவள் என்னையே பார்த்தாள். பிறகு எழுந்து கிட்டே வந்தாள்.

"தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு. நேத்து குழாயடியில கேட்டேன், நாளைக்கிப் போலாமான்னு. சரின்னு தலையாட்டினீங்க."

குழாயடியில் ஏதோ சொன்னாள்தான். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு சொன்னாள். ஏதோ பெருமாள் சமாசாரம் என்று நினைத்தேன்.

"இன்னிக்கி உப்பிலி சாதகத்துக்கு வரான். கச்சேரி எல்லாம் முடியட்டும், கூட்டிட்டுப் போறேன். என்ன ஒடம்புக்கு?"

"ஒண்ணுமில்ல. மூச்சு வாங்குது."

"மாடிப்படி ஏறினா எனக்கும்தான் வாங்குது."

சிரித்தாள். புடவையை அவிழ்த்து மடித்து பீரோவில் வைத்தாள். பூவை மட்டும் எடுக்கவில்லை. மத்தியானம் சாம்பார் பிரமாதம்.

தை 18, ஞாயிறு

உப்பிலியோடு சண்டை. எழுதவே கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

இன்று அவன் பல்லவியை முடித்துவிட்டானாம், நான் இன்னும் ஒரு சுற்று வாசித்துக்கொண்டே போனேனாம். கூட்டத்தில் சில பேர் சிரித்தார்கள், அதை நானே பார்த்தேன். இறங்கி வந்ததும் பந்தலுக்குப் பின்னால் என்னை இழுத்துக்கொண்டு போனான்.

"அம்பலம், கோவிச்சுக்காத. ஒரு தடவ காது டாக்டரப் பாத்துட்டு வந்துரு. நானே கூட வரேன்."

"எனக்கு என்னடா காதுக்கு?"

"ரெண்டு வருஷமா ஒனக்காகத்தான்டா..." என்று ஆரம்பித்தான். மேலே சொன்னது எனக்கு வேண்டாம். நான் கத்தினேன். உன் மூச்சு போனதுக்கு என் காதைப் பிடிக்கிறாயா என்று கேட்டேன். காது போன தவில்காரன் என்று ஒரு வார்த்தை வெளியே போனால் எவன் கூப்பிடுவான்? கல்யாணத்துக்குக் கூப்பிடுவானா, கோயிலுக்குக் கூப்பிடுவானா? என் வயிற்றில் அடிக்கப் பார்க்கிறாயே என்றேன். அவன் கண் கலங்கிப் போய் நின்றான். அவனை அப்படியே விட்டுவிட்டு வந்தேன்.

வீட்டில் தையல் சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். வாய் அசைந்தது. நான் இலையைப் பார்த்துச் சாப்பிட்டேன்.

தை 20, செவ்வாய்

திருப்பூரிலிருந்து மகள் அபயா பேசினாள். டவர் சரியில்லை, தையலிடம் கொடுத்துவிட்டேன். அவள் கொல்லைக்குப் போய் நெடுநேரம் பேசினாள்.

தை 25, ஞாயிறு

உப்பிலி வந்து வாசித்தான், நானும் வாசித்தேன். முகம் பார்த்துக்கொள்ளவில்லை. அது முகம் பார்க்காமல் வாசிக்கிற வாசிப்பாகவே இருந்தது. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத விருப்பமில்லை.

அடுத்து நையாண்டி மேளம். நான் இறங்கிப் போய்த் தையல் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். என்ன வாசிப்பு! உறுமியும் தவிலும் அடிக்கிற அடி நாற்காலிக் கால் வழியாக என் முதுகெலும்புக்கு வந்தது. அது நன்றாகக் கேட்டது. பிள்ளைகள் எழுந்து ஆடினார்கள், ஒரு போலீஸ்காரர்கூடக் காலைத் தட்டிக்கொண்டு நின்றார். காசில்லாமல் கிடைத்தால் சங்கீதத்துக்கு மதிப்பில்லை என்று நான் பேசித் திரிந்தவன். இன்று அதை விழுங்கிக்கொண்டேன்.

நடுவில் தையல் என் தோளில் சாய்ந்துவிட்டாள். நாலு பேர் பார்க்க இதென்ன பழக்கம்? நெற்றியெல்லாம் வேர்வை. ஏதோ சொன்னாள். சுற்றிலும் மேளச் சத்தம். நான் தலையாட்டினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

மாசி 1, வெள்ளி

உப்பிலி வீடு தேடி வந்தான். கையில் திருநாகேஸ்வரம் பிரசாதம். நான் வா என்று சொல்வதற்கு முன்பே உட்கார்ந்துவிட்டான். அவன் பெண்டாட்டி போனதிலிருந்து அவனுக்கும் போக இடம் இல்லை, எனக்கும் அவனை விட்டால் ஆள் இல்லை.

கடைசி ஞாயிறுக்கு என்ன வாசிப்பது என்று பேசினோம். தோடியைப் பெரிதாக எடு, உன்னைப் பற்றிப் பேசுகிறவன் வாய் அடைபடட்டும் என்றேன். அவன் நாற்காலியை இழுத்துப்போட்டுக் கிட்டே வந்தான்.

"சொல்றவன் சொல்லிட்டுப் போறான். நீ என் மொகத்த மட்டும் பாத்துக்கிட்டு இரு. அது போதும் எனக்கு."

தையல் காப்பி கொண்டுவந்து வைத்தவள், கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். உப்பிலி அவளைப் பார்த்து ஏதோ கேட்டான். அவள் இல்லை இல்லை என்று கையை ஆட்டினாள்.

மாசி 3, ஞாயிறு

மழை. கச்சேரி அரை மணியோடு சரி. சுண்டலை எங்கள் வீட்டுக்கு ஒரு தூக்கு அனுப்பிவிட்டார் தனபாலன்.

மாசி 10, ஞாயிறு, காலை

தவிலுக்கு வார் இழுத்துக் கட்டியாகிவிட்டது. புது விரல்கூடு நன்றாகக் காய்ந்திருக்கிறது. வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சி போட்டு வைத்திருக்கிறாள்.

இப்போதுதான், நான் வாசலில் செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, தையல் வந்து பக்கத்தில் நின்றாள். வெகுநேரம் பேசினாள். அவள் அப்படிப் பேசுகிறவளே இல்லை. தெருவைப் பார்த்துக்கொண்டே பேசினாள், அதனால் வாயும் பிடிபடவில்லை. கடைசியில் என் பக்கம் திரும்பி, என்ன சொல்கிறீர்கள் என்பது போல் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவள் முகம் எப்படி மலர்ந்தது என்கிறீர்கள்! கல்யாணமான புதிதில் பார்த்த முகம். என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு உள்ளே போனாள்.

என்ன கேட்டாளோ. கச்சேரி முடிந்து வந்து சாவகாசமாகக் கேட்டுக்கொள்ளலாம்.

மாசி 13, புதன்

எழுதித்தான் ஆக வேண்டும். எழுதாவிட்டால் இது என் மண்டைக்குள்ளேயே சுற்றுகிறது.

திடல் கொள்ளவில்லை. வெளியூரிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். தையல் முதல் வரிசையில், பெண்கள் பக்கம், ஓரத்து நாற்காலி. பச்சைப் புடவை.

உப்பிலி தோடியை எடுத்தான். அவன் முகத்தை விட்டு நான் கண்ணை எடுக்கவில்லை. அன்று அவன் புருவம் தூக்கவில்லை, ஜாடை காட்டவில்லை. கண்ணை மூடிக்கொண்டு போய்விட்டான். கன்னத்தையும் விரலையும் பார்த்தே அவன் எங்கே இருக்கிறான் என்று நான் தெரிந்துகொண்டேன். பழைய உப்பிலி. இவன் ஏன் இத்தனை காலம் கட்டிப்போட்ட மாடு மாதிரி வாசித்தான் என்று அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். அதற்கப்புறம் கீர்த்தனை. நான் பின்னாலேயே போனேன். உச்சத்துக்கு வந்துவிட்டோம்.

அந்த நேரத்தில் உப்பிலி கண்ணைத் திறந்தான். நாகஸ்வரத்தை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கூட்டத்தைப் பார்த்தான். நானும் பார்த்தேன். ஜனங்கள் எழுந்து நிற்கிறார்கள். நாங்கள் வாசித்த வாசிப்புக்கு எழுந்து நிற்கிறார்கள் என்று நினைத்தேன். மேடை ஓரமாகத் தனபாலன் ஓடி வருகிறார். வாய் திறந்து திறந்து மூடுகிறது. வலது கை ஆள்காட்டி விரலைத் தலைக்கு மேலே தூக்கி எங்களைப் பார்த்து ஆட்டுகிறார்.

விரல்.

யாருக்கோ பொன்னாடை போர்த்துகிறார்கள் என்று நினைத்தேனா, அதுவும் இல்லையா, இப்போது தெரியவில்லை. என் கை என்னைக் கேட்கவில்லை. கெட்டிமேளம் கொட்டினேன். என் ஆயுளில் அப்படிக் கொட்டியதில்லை. தனபாலன் இன்னும் வேகமாக விரலை ஆட்டினார், நானும் இன்னும் வேகமாகக் கொட்டினேன். சிரித்துக்கொண்டே கொட்டினேன். ஜனங்கள் என் பக்கம் திரும்பிப் பார்த்த முகங்கள் எனக்கு ஜன்மத்துக்கும் போகாது.

உப்பிலி பாய்ந்து என் இடது கைக் குச்சியைப் பிடித்தான். பிடித்துக்கொண்டு அழுதான். அப்புறம்தான் நான் முதல் வரிசையைப் பார்த்தேன். ஓரத்து நாற்காலி கவிழ்ந்து கிடந்தது. சுற்றிலும் குனிந்த முதுகுகள். கால்களுக்கு நடுவில் தரையில் பச்சைப் புடவை.

ஓடினேன். இடுப்பில் தவில் கட்டியிருக்கிறது என்பதே மறந்துபோய் ஓடினேன். மேடைப் படியில் விழுந்தேன். நான் போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது.

பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மாள் அன்றைக்கே சொன்னாளாம். கீழே சாய்ந்த பிறகும் தையல் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாளாம். என்னங்க, என்னங்க என்று. கெட்டிமேளத்தில் பக்கத்திலிருந்த அந்த அம்மாளுக்கே குரல் கேட்கவில்லையாம், வாயசைவில்தான் தெரிந்ததாம்.

கெட்ட சத்தம் எதுவும் காதில் விழக் கூடாது என்பதற்குத்தானே கெட்டிமேளம். நான் என் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறேன்.

மாசி 15, வெள்ளி

அபயா என்னிடம் பேசவில்லை. இன்று சோறு வைக்கும்போது எனக்கு நேரே உட்கார்ந்து, நான் வாயைப் பார்க்கும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"தை மாசமே அம்மாவ ஆஸ்பத்திரிக்குப் போவச் சொன்னேன். நான் வரட்டுமான்னு கேட்டேன். அப்பா சரின்னு சொல்லிட்டாருடின்னாங்க. ஒவ்வொரு தடவயும் அதத்தான் சொன்னாங்க."

ஒவ்வொரு தடவையும்.

எத்தனை தடவை கேட்டிருப்பாள், நான் எத்தனை தடவை சரி என்றேன்? குழாயடியில் ஒன்று. நையாண்டி மேளத்தன்று ஒன்று. இலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேனே, அன்று?

மாசி 18, திங்கள்

விரல்கூடுகளை அடுப்பில் போட்டேன். அவள் காய்ச்சிய பசை என்பது போட்ட பிறகுதான் நினைவுக்கு வந்தது. கையை விட்டு எடுக்கப் போனேன். முடியவில்லை.

மாசி 22, வெள்ளி

கடைசி நாள் காலையில் வாசலில் அம்மா என்னிடம் என்ன சொன்னாள் என்று அபயாவிடம் கேட்டேன். அவளுக்குத் தெரியாது. எதிர்வீட்டில் கேட்டேன். தனபாலன் வந்தபோது அவரிடம்கூடக் கேட்டேன், பைத்தியக்காரன் மாதிரி. அவருக்கு எப்படித் தெரியும்?

ஆஸ்பத்திரியைப் பற்றி இருக்காது. ஆஸ்பத்திரிக்கு முகம் அப்படி மலராது. எங்கேயாவது கூட்டிப் போகச் சொன்னாளா? எதையாவது மன்னிக்கச் சொன்னாளா? நான் என்னவோ ஒன்றுக்குச் சம்மதித்திருக்கிறேன். அவள் அதை நம்பிக் கையை அழுத்திவிட்டுப் போயிருக்கிறாள். அது என்னவென்று இனி எனக்குச் சொல்ல ஆளில்லை.

மாசி 25, திங்கள்

கருமாதி முடிந்தது. பந்தலைப் பிரித்துவிட்டார்கள். அபயா உள்ளே பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள், சத்தம் வந்திருக்கும்.

ஊர் இசை மன்றம் அடுத்த வருஷமும் திடலில் கச்சேரி வைக்குமாம். தனபாலன் வந்தவர், தானே விரலைத் தூக்கியது நினைவுக்கு வந்து கையை வேட்டிக்குள் மறைத்துக்கொண்டே நின்றார். அவரைக் குற்றம் சொல்லி என்ன. நிறுத்தச் சொல்லத்தான் தூக்கினார்.

எல்லாரும் போன பிறகு உப்பிலி மட்டும் இருந்தான். என் எதிரில் தரையில் உட்கார்ந்தான். பிறகு, தலையைக் குனிந்தபடியே ஏதோ கேட்டான்.

என் தலை பழக்கத்தில் கீழே இறங்கியது. பாதி வழியில் நிறுத்தினேன். கழுத்து வலித்தது.

"உப்பிலி, எனக்குக் காது கேக்கலடா. இன்னொரு தரம் சொல்லு."

அவன் நிமிர்ந்து பார்த்தான். நகர்ந்து வந்து, என் முகத்துக்கு நேரே உட்கார்ந்து, மெதுவாகத் திரும்பச் சொன்னான். சாப்பிட்டியா என்று கேட்டிருக்கிறான். அவ்வளவுதான்.

இல்லை என்றேன்.